காலிப்பர் போல்ட்டில் ஒரு மினுமினுப்பு

“மின்னுது மாப்பிள்ளை! தள்ளி நின்னு பாக்காதீங்க, நல்லாக் குனிஞ்சு பாருங்க. என் கோடு மின்னாது. என் சர்வீஸ்ல நான் போட்ட கோடு ஒண்ணுகூட மின்னினது கிடையாது!”

“மாமா, நான் உங்க வண்டியைத் தொடவே இல்ல மாமா.”

“தொடலை. தொடாம எப்படி மின்னுது? என் போல்ட்டுக்கு என்ன இன்னைக்குக் கல்யாணமா, பவுடர் போட்டு மினுக்கிக்கிட்டு நிக்கறதுக்கு?”

“அதை ஏன் என்னைக் கேக்கறீங்க?”

“வேற யாரைக் கேக்கறது? பச்சைக் குழந்தையையா? வண்டியை மெக்கானிக் கடையில விட்டுடலாம், கடையில விட்டுடலாம்னு மாசம் பூரா ஓதிக்கிட்டு இருந்தது யாரு, நானா?”

சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் கார் நிற்கும். மேல் மாடியில் மகளும் மாப்பிள்ளையும் குழந்தையும், நடு மாடியில் மாமனாரும் அவர் மனைவியும், கீழே வண்டி. பேசுவது எல்லாம் மேலே ஏறி வரும். அவள் கையில் பாதி தேய்த்த பாத்திரம் அப்படியே நின்றது. குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை. அந்தப் போல்ட்டு ஏன் மின்னுகிறது என்று அந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தக் கோட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு போல்ட்டுக்காக மாமனாரும் மருமகனும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஏன் சண்டை போடுகிறார்கள் என்று புரியாது.

அவர் வேலை பார்த்தது மோட்டார் பம்பு செய்கிற தொழிற்சாலையில். போல்ட்டை அளவு பார்த்து இறுக்கியதும், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரே இழுப்பாக ஒரு வெள்ளைக் கோடு போட வேண்டும். போல்ட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். அதோடு, கோடு போட்டவன்தான் அந்தப் போல்ட்டுக்குப் பொறுப்பு. பம்பு எங்கேயாவது கழன்று விழுந்தால் கோடு போட்டவனைத்தான் கூப்பிடுவார்கள். அவரை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அங்கே அவருக்குப் பெயரே ‘கோட்டுக்காரர்’தான்.

வேலையை விட்டு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. சொந்த வண்டியை அவரேதான் சர்வீஸ் செய்வார். ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, பிரேக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது, டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவது எல்லாம் அவர் கைதான். ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரென்ச் வைத்து இறுக்குவார். அளவு வந்ததும் அது ‘டிக்’ என்று சொல்லும். சொன்னதும் அவள் போட்டு மீந்த வெள்ளை நெயில் பாலிஷை எடுத்துக் கோடு போடுவார். பிறகு ஞாயிறுதோறும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து, எல்லாக் கோடும் நேராக இருக்கிறதா என்று பார்த்தால்தான் அவருக்குக் காலைச் சாப்பாடு இறங்கும்.

“சாமி கும்பிடறவன்கூட இவ்வளவு குனிய மாட்டான்” என்று அவள் கிண்டல் செய்வாள்.

“சாமி பிரேக் பிடிக்காது. நான் மாட்டினது பிடிக்கும்” என்பார்.

அந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிறவள் அவள்தான். கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குப் பவர் பார்த்து, ஃபிரேம் பொருத்தி, மூக்கில் உட்காருகிறதா என்று சரி செய்து கொடுப்பாள். தெருவில் அவளைக் கண்ணாடிக்காரம்மா என்பார்கள். கடை ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. அவர் கையால் சர்வீஸ் செய்த வண்டி அவளை ஒரு நாளும் நடுவழியில் விட்டதில்லை. அதை அவள் கடையில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இடது பக்கம் ‘டொக்’ என்றது. அதற்கு முந்தின ஞாயிறுதான் அவர் பிரேக் வேலை முடித்திருந்தார். கடைக்குப் போகிற வழியில் ஒரு ஒர்க்‌ஷாப். உள்ளே விட்டாள். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினான். அது ஆடியது. பிரேக் பிடிக்கிற அந்தப் பாகம் அசையவே கூடாது என்பது அவளுக்கும் தெரியும்.

“யாருக்கா மாட்டினது?”

“எங்க வீட்டுக்காரர்.”

அவன் போல்ட்டைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வேலை சுத்தம்க்கா. கிரீஸ் எல்லாம் அளவா வெச்சிருக்காரு. நம்ம பசங்ககூட இப்படி வெக்க மாட்டானுங்க. போல்ட்டு மட்டும் கோணலா ஏறியிருக்கு. மரை மேல மரை ஏறிடுச்சு. அப்படி ஏறினா பாதியிலேயே கெட்டியாயிடும், ரென்ச்சு வெச்சா டிக்குன்னும் சொல்லிடும். ஆனா நிஜமா இறுகியிருக்காது. முதல் ரெண்டு சுத்து கையால ஏத்தறப்போ விரலுக்கே தெரியும்க்கா, இது கோணுதுன்னு.” கொஞ்சம் தயங்கினான். “சாருக்கு விரல் ஏதாவது மரத்துப் போயிருக்கா?”

அவளுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொதிக்கக் கொதிக்க டம்ளரை வெறும் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். “அப்பாவுக்கு இரும்புக் கை” என்று மகள் சிரிப்பாள். சட்டைப் பொத்தானைப் போட வெகு நேரம் பிடிக்கும். சட்டைத் துணி சரியில்லை என்று திட்டுவார். சர்க்கரை ரொம்ப நாளாக இருக்கிறது. மாத்திரை போடுகிறார், டாக்டரிடம் மட்டும் போக மாட்டார். “எனக்கு என்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்” என்பார்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் மெக்கானிக் புதுப் போல்ட்டு போட்டுச் சக்கரத்தை மாட்டப் போகும்போது அவள் கண்ணில் பட்டது, புதுப் போல்ட்டில் கோடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு குனிவாரே என்று நினைத்தாள். அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தாள். வேலையை விட்டு வந்த பிறகு அவர் நிமிர்ந்து நடக்கிற ஒரே இடம் அந்த வண்டியைச் சுற்றித்தான்.

“தம்பி, ஒரு நிமிஷம் இரு” என்று எதிர் ஃபேன்ஸி கடைக்கு ஓடினாள். வெள்ளை நெயில் பாலிஷ் ஒன்று வாங்கி வந்தாள். ஒர்க்‌ஷாப் தரையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினாள். போல்ட்டின் தலையிலிருந்து இரும்பு வரை, அவர் இழுக்கிற மாதிரியே, கடைசியில் சின்னதாக ஒரு வளைவோடு, கோடு போட்டாள்.

மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னான், “அக்கா, பேங்க்ல கையெழுத்து மாத்திப் போட்டா உள்ள தள்ளிடுவாங்க.”

அவள் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு அவர் சர்வீஸ் செய்த ஒவ்வொரு முறையும், அடுத்த நாள் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டுத்தான் கடைக்குப் போகும். பாலிஷ் பாட்டில் அவள் கைப்பையிலேயே குடியேறிவிட்டது. ஒரு தடவை எல்லாப் போல்ட்டும் சரியாக இருந்தது. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. வீட்டுக்கு வந்து அவர் பேசிய எல்லாவற்றுக்கும் சிரித்தாள். “என்ன, கடையில போனஸா?” என்று அவரே கேட்டார். அடுத்த தடவை மறுபடியும் ஒன்று கோணல்.

அதற்கடுத்த தடவைதான் மாட்டிக்கொண்டாள். பாட்டில் காய்ந்து போயிருந்தது. மகள் அறையில் அலமாரி மேல் ஒரு வெள்ளைப் பாலிஷ் இருந்தது, அவசரத்தில் அதை எடுத்துக்கொண்டு போனாள். ஒர்க்‌ஷாப் நிழலில் அது சாதா வெள்ளையாகத்தான் தெரிந்தது. அதற்குள்ளே பொடிப்பொடியாக மினுமினுப்பு இருக்கிறது என்று டார்ச் அடித்தால்தானே தெரியும்?

அந்த வார ஞாயிறு அவர் டார்ச் அடித்தார்.

கீழே சத்தம் ஏறிக்கொண்டே போனது. மகளும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள்.

“அப்பா, அது என் பாலிஷ் மாதிரிதான் இருக்கு.”

“பாத்தீங்களா மாப்பிள்ளை! உங்க ரூமுல இருந்துதான் வந்திருக்கு.”

மகள் புருஷன் பக்கம் திரும்பினாள். “நீங்களா எடுத்தீங்க?”

“நான் எதுக்குடி நெயில் பாலிஷ் எடுக்கறேன்?”

“எதுக்கா? நான் சொல்றேன்” என்றார் அவர். “என் வேலை மேல நம்பிக்கை இல்ல. எனக்குத் தெரியாம கழட்டிப் பாத்திருக்கார். பாத்துட்டு மாமனார் கண்ணுல மண்ணைத் தூவறதுக்கு என் கோட்டை எனக்கே போட்டு வெச்சிருக்கார். கழட்டினதுகூடப் பரவாயில்ல மாப்பிள்ளை. என் கோட்டை இன்னொருத்தர் போட்டா அதுக்குப் பேரு என்ன?”

மாப்பிள்ளைக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தவர் எதற்கோ தலையைத் தூக்கினார். ஜன்னலில் அவள் நின்றிருந்தாள். கையில் சோப்பு நுரை, முகத்தில் ரத்தமே இல்லை. அத்தையை ஒரு நொடி பார்த்தார். திறந்த வாயை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“சரி மாமா. நான்தான்.”

“நான்தான்னா?”

“நான்தான் கழட்டிப் பாத்தேன். தப்புதான், மன்னிச்சிடுங்க.”

மகள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு புருஷனை முறைத்தாள். “இதுக்குத்தான் காலையிலேர்ந்து இல்ல இல்லன்னு சத்தியம் பண்ணீங்களா?” என்று விறுவிறுவென்று மாடி ஏறிப் போய்விட்டாள்.

அவர் ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் முகம் அப்படி இருக்காது. டார்ச்சை மறுபடியும் அந்தக் கோட்டின் மேல் அடித்தார்.

“நாளைக்குக் காலையில இந்த வண்டிதானே மலை இறங்கப் போகுது? என் பொண்ணும் பேரப்பிள்ளையும் இதுலதானே உக்காரப் போறாங்க? நீங்க என்னத்தைக் கழட்டினீங்க, எப்படி மாட்டினீங்கன்னு யாருக்குத் தெரியும்? இப்பவே எல்லாத்தையும் கழட்டி நானே திரும்ப மாட்டறேன். எவனும் கிட்ட வரக் கூடாது.”

அடுத்த நாள் மகளுக்கு மலையடிவாரத்து ஊரில் வேலைக்கான நேர்காணல். பிரசவத்துக்குப் பிறகு முதல் அழைப்பு. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. அம்மாதான் ஓட்டுவது, மகளும் குழந்தையும் பின்சீட்டில். வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு. அதற்காகத்தான் போன வாரம் பிரேக் வேலையே நடந்தது. மெக்கானிக் சரி செய்து வைத்திருந்ததை இப்போது அவர் அந்த விரல்களால் பிரிக்கப் போகிறார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். படியில் எதிரே மாப்பிள்ளை ஏறி வந்தார். நின்று, குரலைத் தணித்து, “அத்தை, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. ராத்திரிக்குள்ள ஏதாவது சாக்கு சொல்லி வண்டியை வெளிய எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்” என்றார். அவளுக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எதற்கு என்றுகூடக் கேட்காமல் பழியைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்.

கீழே அவள் கணவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றியிருந்தார். பழைய பாயை விரித்து அதன்மேல் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார். வேலையில் உட்கார்ந்ததும் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“பாத்தியா உன் மாப்பிள்ளையை? போல்ட்டைப் புதுசா வேற வாங்கிப் போட்டிருக்கார். என் போல்ட்டுக்கு என்ன குறைச்சலாம்?”

“ஏங்க, விடுங்களேன். ஆனது ஆச்சு. அப்படியே மாட்டிடுங்க.”

“எப்படி அப்படியே மாட்டறது? நீதானே நாளைக்கு ஓட்டப் போறே? உனக்குப் பயமா இல்ல?”

அவள் பக்கத்தில் குந்தினாள். எப்போதும் டார்ச் பிடிப்பது அவள் வேலை. பிடித்தாள். அவர் காலிப்பரைத் துடைத்தார். பிரேக் பட்டையைத் துடைத்தார். கிரீஸை ஒரு பொட்டு எடுத்துக் காலிப்பரைத் தாங்குகிற ஊசிமேல் தடவினார், அளவாக. மெக்கானிக் சொன்னது சரிதான், அவ்வளவு சுத்தமான வேலை. பிறகு போல்ட்டை எடுத்தார். காலிப்பரை இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது கையைப் பின்னால் விட்டு, ஓட்டையைத் தேடி, முகத்தைத் திருப்பி எங்கோ பார்த்தபடி சுற்ற ஆரம்பித்தார். கை தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, விரல்தான் பார்க்க வேண்டும்.

டார்ச் அவள் கையில் இருந்தது. அவளுக்குத் தெரிந்தது. போல்ட்டின் தலை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அவர் சுற்றினார். அது சாய்ந்தபடியே சுற்றியது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விசில்கூட அடித்தார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் மெக்கானிக் சொல்லிக் கேட்டதுதான், நடக்கும்போது அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ரென்ச்சைப் போட்டு இழுத்தார். டிக்.

“கேட்டுச்சா? இதுதான் வேலை” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து தன்னுடைய பழைய பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறக்கத் தடுமாறினார். அவள் திறந்து கொடுப்பது வழக்கம். இன்றைக்குக் கொடுக்கவில்லை. எப்படியோ திறந்து, பிரஷை எடுத்துக் குனிந்தார்.

“கோடு போடாதீங்க.”

“என்ன?”

“போடாதீங்க. அது கோணலா ஏறியிருக்கு.”

“டிக்குன்னு சொல்லுச்சே, கேக்கலையா உனக்கு?”

“கேட்டுச்சு. கழட்டிப் பாருங்க.”

“ஏய், கண்ணாடிக் கடையில உக்காந்துக்கிட்டு எனக்கே மரை சொல்லித் தர்றியா?” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. ரென்ச்சைத் திருப்பிப் போட்டுக் கழற்றினார். வரும்போதே அது முரண்டு பிடித்துக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். புதுப் போல்ட்டின் மரையில் ஒரு பக்கம் வழித்தெடுத்த மாதிரி பளபளவென்று இருந்தது. இரும்புத் தூள் அவர் கை ரேகையில் ஒட்டியிருந்தது.

கட்டை விரலால் அந்த மரையைத் தடவினார்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் சொன்னாள். டொக் சத்தத்திலிருந்து, ஒர்க்‌ஷாப், புதுப் போல்ட்டு, பாலிஷ் எல்லாம் சொன்னாள். மாப்பிள்ளைக்கு இதில் எதுவுமே தெரியாது, என் முகத்தைப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார் என்றும் சொன்னாள். கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப இத்தனை நாளா கோடு போட்டது நீ.”

“ஆமாங்க.”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் குனிஞ்சு பாத்து, எல்லாம் நேரா இருக்குன்னு சொல்லுவேனே. நீ மேல ஜன்னல்ல நின்னுக்கிட்டு ‘சாமி கும்பிட்டாச்சா’ன்னு கேப்பே.”

அவள் டார்ச்சை அணைத்தாள்.

“உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதாங்க…”

“என் மனசை விடு. இது என்ன?” என்று வலது கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராக விரித்தார். “இந்த விரலுக்கு என்னமோ ஆயிருக்குன்னு உனக்கு மழைக்காலத்துலயே தெரியும். அந்த மெக்கானிக்குக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. கை என்னுது. ஒரு போல்ட்டு கோணிப்போச்சுன்னு அன்னைக்கே நீ கொண்டுவந்து காட்டியிருந்தா, நான் டாக்டர்கிட்டப் போயிருப்பேனா மாட்டேனா?”

“நீங்கதான் டாக்டர்னாலே…”

“நீ சொன்னாப் போக மாட்டேன். என் போல்ட்டு சொல்லியிருந்தா போயிருப்பேன்.”

அது உண்மை. அந்த ஒரு வாக்கியம் அவளை இன்றைக்கு வரை தூங்க விடவில்லை. அவர் யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் தன் கோடு உடைந்திருப்பதை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தால் நிச்சயம் கேட்டிருப்பார். அந்த உடைந்த கோட்டைத்தான் அவள் ஒவ்வொரு தடவையும் பாலிஷ் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் போல்ட்டைப் பாயின் மேல் வைத்தார். பிரஷைப் பாட்டிலுக்குள் போட்டு மூடினார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, படி ஏறினார். மேல் மாடி வரை போய் மாப்பிள்ளையிடம் என்னவோ சொல்லிவிட்டு வந்தார். அவள் காதில் விழுந்தது மாப்பிள்ளையின் குரல் மட்டும்தான்: “ஐயோ மாமா, எழுந்திருங்க, என்ன மாமா இது…”

அடுத்த நாள் மகள் வாடகை வண்டியில் மலை இறங்கிப் போய் வந்தாள். வேலையும் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைக்கூட வீட்டில் யாரும் உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை.

மகளின் கட்சி, “முதல் நாளே சொல்லியிருக்கணும்மா. நாங்களும் சும்மா ‘இரும்புக் கை, இரும்புக் கை’ன்னு சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.” மாப்பிள்ளையின் கட்சி வேறு. “சொல்லாமலே இருந்திருக்கலாம் அத்தை. நான்தான் ஏத்துக்கிட்டேனே. எப்படியாவது நைஸா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்.” இரண்டு பேரும் அவள் மேல் பாசத்தில்தான் சொல்கிறார்கள். இரண்டும் குத்துகிறது.

அவர் டாக்டரிடம் போனார், தனியாக, பஸ் ஏறி. அவளிடம் சொல்லவில்லை. மகளிடம் சொன்னதை மகள் வந்து சொன்னாள். சர்க்கரையால் விரல் நரம்பு கெட்டிருக்கிறதாம். போன உணர்ச்சி திரும்ப வருவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றாராம் டாக்டர். போகும்போது, “இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்” என்றும் சொன்னாராம்.

வீட்டில் அவர் பேசுகிறார். சாப்பாடு போதும், தண்ணி வேணும், சாவி எங்கே என்கிற அளவுக்குப் பேசுகிறார். அவள் கிண்டலுக்குப் பதில் வருவதில்லை. அவளும் கிண்டல் செய்வதை விட்டுவிட்டாள்.

வண்டி அந்த ஞாயிறு நின்ற மாதிரியே நிற்கிறது. முன் சக்கரம் கழற்றியபடி, ஸ்டாண்டு மேல். காலிப்பர் கம்பியில் தொங்குகிறது. பாயை மட்டும் யாரோ சுருட்டி ஓரமாக வைத்திருக்கிறார்கள். அவள் பஸ்ஸில் கடைக்குப் போகிறாள். மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிட்டு மாட்டச் சொல்லலாமா என்று ஒரு நாள் போனைக் கையில் எடுத்தாள். அவர் ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்ததும் வைத்துவிட்டாள். “வாங்க, முதல் ரெண்டு சுத்து நான் விரலால ஏத்தறேன், நீங்க ரென்ச்சு பிடிங்க, கோடு நீங்களே போடுங்க” என்று கேட்கலாமா என்று தினமும் யோசிக்கிறாள். அவர் கோட்டில் ஏற்கெனவே கை வைத்தவள் அவள். மறுபடியும் அவர் வேலையில் விரலை விடக் கேட்பதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. பேசாமல் விட்டால் தானே சரியாகும் என்கிறாள் மகள். சரியாகிற மாதிரி தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு வீட்டில் இருந்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். கண் மங்கிய பிறகும் தானே ஓட்டுவேன் என்கிற அப்பா, கை நடுங்கினாலும் தானே தைப்பேன் என்கிற அம்மா, யாராவது இருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமல் நீங்களும் பின்னால் போய் எதையாவது சரி செய்து வைத்திருப்பீர்கள். அது வெளியே வந்த பிறகு என்ன செய்தீர்கள்? அவள் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டுமா, அவரைக் கூப்பிட வேண்டுமா, இல்லை வண்டி அப்படியே நிற்கட்டும் என்று விட வேண்டுமா? ஆறுதல் வேண்டாம், அது அவளுக்கு நிறையக் கிடைத்துவிட்டது. உங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடி கீழே எழுதுங்கள். நாலு வரியானாலும் எழுதுங்கள்.